கடிகாரமே சாட்சி

வலது கையில் மாவுக்கட்டு, இடது காலில் மாவுக்கட்டு, இரு பக்கமும் காவலர்கள். தலை குனிந்து நிற்கிறார் ஓர் இளைஞர். 'போலீஸாரைக் கண்டு தப்பியோட முயன்றபோது பாலத்திலிருந்து தவறி விழுந்தார்' என்று படத்துக்குக் கீழே ஒரு வரி. சில நாள்களில் பாலம் மாறிக் கழிப்பறையாகும். விழுவது மட்டும் மாறாது. இந்தப் படத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் எத்தனை முறை அச்சிட்டிருக்கின்றன என்பதற்குக் கணக்கு இல்லை. நாமும் அச்சிட்டிருக்கிறோம். வாசகர்களில் பலர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். 'நல்லா வேணும்' என்றவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பில் நமக்கும் பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

காவல் நிலையக் கழிப்பறைகள் பிடிபட்டவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா, காவலர்கள் யாரும் அங்கே விழுவதில்லையா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டுவிட்டது. நீதிமன்றம் வரை சென்று சேர்ந்த அந்தக் கேள்வி நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் பல ஆண்டுகளாகக் கேட்கப்படுவதுதான். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எவரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. அப்படி எழுதாமல் விட்டதன் விலையை உயிராகக் கொடுத்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

2022 ஏப்ரல் 18 இரவு. சென்னை கெல்லீஸ் அருகே ஆட்டோவில் வந்த விக்னேஷையும் அவருடைய நண்பரையும் காவலர்கள் மடக்கினார்கள். விக்னேஷ் மெரினா கடற்கரையில் குதிரை ஓட்டிப் பிழைத்த தலித் இளைஞர், வயது 25. தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் மறுநாள் காலை உயிருடன் இல்லை. வாந்தியும் வலிப்பும் வந்தது என்பதே முதலில் சொல்லப்பட்ட காரணம். சட்டப்பேரவையிலும் அதுவே சொல்லப்பட்டது. பிறகு உடற்கூறாய்வு அறிக்கை வந்தது. உடலில் 13 காயங்கள். அதே பேரவையில் மே மாதம் முதலமைச்சர் எழுந்து, வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டுவிட்டதாக அறிவித்தார். சிபிசிஐடி விசாரணையில் காவல் துறையினர் ஆறு பேர் கைதானார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்க்கப்பட்டன.

இரண்டு மாதம் கழியவில்லை. செங்குன்றத்தை அடுத்த அலமாதியைச் சேர்ந்த ராஜசேகர் 2022 ஜூன் 12 அன்று கொடுங்கையூர் காவல் நிலைய விசாரணையின்போது உயிரிழந்தார். உடல்நலக் குறைவு என்றது காவல் தரப்பு. உடற்கூறாய்வில் காயங்கள் பதிவாகியிருந்தன. ஐந்து பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். 2024 ஏப்ரலில் ஆவடி ஆணையரக எல்லைக்குள்ளேயே, செவ்வாப்பேட்டை காவலர்களின் பிடியில் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒருவர் இறந்தார். அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றது குடும்பம்.

கடைசியாகச் சொன்னவர் மீது கொலை வழக்கு இருந்ததே என்று யாரேனும் கேட்கலாம். கேட்கட்டும். அவர் குற்றவாளியா என்று தீர்மானிக்க வேண்டிய இடம் பூந்தமல்லியிலும் திருவள்ளூரிலும் இருக்கும் நீதிமன்றங்கள். காவல் நிலையத்தின் பின்னறை அந்த வேலையைச் செய்ய எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.

இரண்டாவது அடி

காவல் மரணம் என்றாலே எல்லோருடைய பார்வையும் லத்தியின் மீது விழுகிறது. யார் அடித்தார், எதனால் அடித்தார், எத்தனை அடி என்றே வழக்கு நடக்கிறது. ஆனால் இந்த மரணங்களில் பெரும்பாலும் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. அடித்தது ஒன்று. அடிபட்டவர் தண்ணீர் கேட்டபோது, மூச்சு வாங்கியபோது, மயங்கியபோது, மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் உட்கார்ந்திருந்தது இன்னொன்று. 'நடிக்கிறான்' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிய அந்த நேரத்தில்தான் பிழைத்திருக்கக்கூடிய உயிர் போகிறது.

இந்த இரண்டாவது குற்றத்தைப் பற்றித்தான் நாம் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். காரணம் எளிது. அடித்ததற்குச் சாட்சி கிடைப்பது அரிது. அறை மூடியிருக்கும், உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஒரே சீருடை. தங்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கக் காவலர்கள் முன்வருவதில்லை என்பதை உச்ச நீதிமன்றமே 1995இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் வேதனையோடு எழுதியிருக்கிறது. ஆனால் சிகிச்சை மறுக்கப்பட்டதற்குச் சாட்சி ஆள் வேண்டாம். கடிகாரம் போதும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு மருத்துவர் பார்த்தார், இடையில் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு நிலையப் பொது நாட்குறிப்பில் இருக்கும், 108 அழைப்புப் பதிவில் இருக்கும், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் இருக்கும், கேமராவில் இருக்கும். நாட்குறிப்பில் நேரத்தை மாற்றி எழுதலாம். இத்தனை இடங்களிலும் ஒரே பொய்யை ஒரே நேரத்தில் எழுதுவது கடினம்.

சட்டம் சொல்வது என்ன?

காவலர் பலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கத்தியோடு பாய்பவனை மடக்கப் பலம் வேண்டும். தப்பிச் செல்லாமல் தடுப்பதற்குத் தேவையானதைவிட அதிகமான கட்டுப்பாடு கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 46ஆவது பிரிவு சொல்கிறது. கைவிலங்கு மாட்டிய பிறகு விழுகிற ஒவ்வோர் அடியும் இந்த வரம்பைத் தாண்டியதுதான். வாக்குமூலம் பிடுங்குவதற்காகக் காயப்படுத்துவது தனிக் குற்றமாகவே சட்டத்தில் இருக்கிறது.

மருத்துவம் பற்றிய விதிகள் இன்னும் தெளிவானவை. கைதானவரை உடனடியாக மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும். காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ கொடுக்க வேண்டும். இது 53ஆவது பிரிவு. கைதானவரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் அவரைக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு. இது 56ஆவது பிரிவு. காவலில் இருக்கும் நாள் முழுவதும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே கட்டளையிட்டது. அதாவது, 'அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை' என்று காவல் நிலையம் சொல்லும் சமாதானம் அதன் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. உடம்பு சரியில்லாதவரை ஏன் மருத்துவரிடம் காட்டவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒரு சான்றிதழ் செய்யும் வேலை

மருத்துவரிடம் காட்டினால் மட்டும் போதுமா? சாத்தான்குளம் அதற்குப் பதில் சொல்கிறது. 2020 ஜூன் 19 அன்று பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் இரவெல்லாம் அடிக்கப்பட்டார்கள். மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சிறைக்கு அனுப்பலாம் என்ற சான்றிதழ் கிடைத்தது. குற்றவியல் நடுவர் சிறையடைப்புக்கு உத்தரவிட்டார். ரத்தக் கசிவோடு இருந்த இருவரும் நூறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும் சில மணி நேரத்தில் தந்தையும் இறந்தார்கள்.

மருத்துவமனை, நீதிமன்றம், சிறை என்று மூன்று வாசல்கள். எந்த வாசலிலாவது ஒருவர் 'இவர்களை முதலில் படுக்கையில் சேருங்கள்' என்று சொல்லியிருந்தால் இருவரும் உயிரோடு இருந்திருக்கக்கூடும். அடித்தவர்கள் மீது சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. உண்மையை வெளியே கொண்டுவந்ததில் ஒரு தலைமைக் காவலரின் பங்கு பெரிது. ரேவதி என்ற அந்தப் பெண் தன் சக காவலர்கள் வெளியே நின்று மிரட்டிய நிலையிலும் நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். காவல் நிலையக் கேமராப் பதிவோ, தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், அது இயலாத இடத்தில் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாத்தான்குளத்துக்கு நான்கு வாரம் முன்பு அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் காவலர் ஒருவர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அவருக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை என்பது பலருக்கும் தெரியும். கூட நின்ற மூன்று காவலர்களுக்கு என்ன ஆனது என்பது அவ்வளவாகத் தெரியாது. மரண அவஸ்தையில் இருந்தவருக்கு மருத்துவ உதவி செய்யாமல் இருந்தது அவருடைய உரிமையைப் பறித்த குற்றம் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரிகள் 2022 பிப்ரவரியில் தீர்ப்புக் கூறினார்கள். இரண்டரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை சிறை கிடைத்தது. 'நான் அடிக்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம் ஊரிலும் எடுபடக் கூடாது.

பணியிடை நீக்கம் தண்டனை ஆகாது

இங்கே வழக்கமாக நடப்பதை வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதல் நாள், ஆயுதப் படைக்கு மாற்றம். போராட்டம் வலுத்தால் பணியிடை நீக்கம். இன்னும் வலுத்தால் அதிகாரி கட்டாயக் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார். குடும்பத்துக்கு நிவாரணத் தொகை, ஒருவருக்கு அரசு வேலை. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் அடித்துக் கொல்லப்பட்டபோது உடற்கூறாய்வில் 44 காயங்கள் பதிவாயின. முதலமைச்சர் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். வழக்கு சிபிஐக்குப் போனது. மன்னிப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிவாரணம் மக்களின் வரிப்பணத்திலிருந்து போகிறது. செத்தவரின் தாயும் கட்டிய வரி அது.

அடித்தவரும் பார்த்துக்கொண்டிருந்தவரும் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டும்போதுதான் கை தயங்கும். இதற்கு வழியில்லாமல் இல்லை. 1993இல் நீலபதி பெஹரா வழக்கில், காவலில் மகனை இழந்த தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதனால் தவறு செய்தவர்களின் தனிப்பட்ட பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதையும் தெளிவாக்கியது. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுத் தவறு செய்தவரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிடுவதும் உண்டு. அது மேல்முறையீட்டுக் கட்டுகளுக்குள் புதைந்துவிடாமல் பார்ப்பது உள்துறையின் வேலை.

அடுத்த தடை, அரசின் முன் அனுமதி. பணிக் கடமையின்போது செய்த செயலுக்காக அதிகாரி மீது வழக்குத் தொடர அரசு அனுமதி வேண்டும் என்ற விதி நேர்மையான அதிகாரியைக் காக்க வந்தது. அடிப்பது பணிக் கடமையா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. வரம்பு மீறிய செயலும் கடமையோடு தொடர்புடையதுதான், அனுமதி வேண்டும் என்று 2020இல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதிகாரிகள் இன்று பிடித்துக்கொள்ளும் கிளை அதுதான். ஆனால் புதிய சட்டத்தின் 218ஆவது பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது. அனுமதி கேட்டு 120 நாள்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். கோப்பைத் தூங்கவைக்கும் பழைய உத்தி இனிச் செல்லாது. குடும்பத்தின் வழக்கறிஞர்கள் இந்தக் கெடுவை நாள் எண்ணிக் கவனிக்க வேண்டும்.

தலித் மக்களுக்கு இன்னொரு சட்டம் துணை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அரசு ஊழியர் இழைக்கும் கொடுமைக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும் அரசு ஊழியருக்கும் தண்டனை வைத்திருக்கிறது. விசாரணையை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும். இறந்தவர் பட்டியல் இனத்தவர் என்று தெரிந்தும் முதல் தகவல் அறிக்கையில் சாதியை எழுதாமல் விட்டால், இத்தனையும் கைநழுவிப் போகும். 'சந்தேக மரணம்' என்று ஒரு வரியில் தொடங்கும் வழக்கில், இந்தச் சட்டம் உள்ளே வர ஒவ்வொரு முறையும் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருக்கிறது. உட்கார ஆள் இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால் காவலரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சாட்சியச் சட்டத்தைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 1985இல் பரிந்துரைத்தது. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். அந்த ஒரு பிரிவுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

ஆவடி ஆணையரகத்துக்கு

2022 ஜனவரியில் ஆவடி தனிக் காவல் ஆணையரகமானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்பவர்கள், பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரக் கிடங்குகளில் மூட்டை தூக்குபவர்கள், விடியுமுன் தெருக் கூட்டுபவர்கள் என இந்த எல்லைக்குள் வாழும் தலித், இருளர் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இரவு ரோந்தில் முதலில் நிறுத்தப்படுகிறார்கள். செல்போன் தொலைந்தாலும் வண்டி காணாமல் போனாலும் தேடல் குடியிருப்புகளில்தான் தொடங்குகிறது. விக்னேஷ் மரணத்துக்குப் பிறகு, பிடிபட்டவர்களை இரவில் காவல் நிலையத்தில் வைத்து விசாரிக்க வேண்டாம் என்று அன்றைய டிஜிபி உத்தரவிட்டார். அந்த உத்தரவு இந்த ஆணையரகத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் நடைமுறையில் இருக்கிறதா என்று ஆணையர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் கீழ்ப்பாக்கம் இருக்கிறது. தூரம் என்ற சாக்கு இங்கே யாருக்கும் கிடையாது. ஆகவே நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதையும் அல்ல. பிடித்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம் இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டு, அதன் நகல் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். இடைவெளி நீண்டிருந்தால் நிலையப் பொறுப்பில் இருந்தவர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அன்று இரவு பணியில் இருந்த ஒவ்வொருவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மருத்துவர் காவலரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கைதானவரைப் பார்க்க வேண்டும். நடுவர், முன்னால் நிற்பவரிடம் 'உங்களை அடித்தார்களா, மருத்துவர் பார்த்தாரா' என்று கேட்டு, பதிலை எழுத வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புது நிதியும் வேண்டாம்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போனால் அழுவதற்கு முன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிலையம், எந்த வண்டி எண், யார் வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். குடியிருப்பில் படித்த பிள்ளை ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். காவல் ஆணையருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் 2021இல் அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்துக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். மருத்துவ அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நீதிமன்றத்தில் நிறுத்தும்போது வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், இலவச சட்ட உதவி மையம் ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது.

காவல் துறைக்குள்ளும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆவடியின் சிறப்புக் காவல் படை முகாம்களில் ஓடிப் பயிற்சி பெற்று, குடும்பத்தில் முதல் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் அவர்கள். அடி விழும் அறைக்கு வெளியே நிற்க நேர்ந்தால், ரேவதி செய்ததை நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் அடிக்காவிட்டாலும், ஆம்புலன்ஸுக்கு அழைக்காத ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

நம் பங்குக்கு ஒன்றை இன்றே தொடங்குகிறோம். மாவுக்கட்டுப் படம் இனி இந்தப் பகுதியில் வெளிவராது. அப்படி ஒரு படம் நம் மேசைக்கு வந்தால், எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், எத்தனை மணிக்கு மருத்துவர் பார்த்தார் என்ற இரண்டு கேள்விகளை உரிய காவல் நிலையத்துக்கு எழுதுவோம். பதில் வந்தால் பதிலை அச்சிடுவோம். வராவிட்டால், வரவில்லை என்பதை அச்சிடுவோம்.